இருபத்திரண்டு கோரும் ஒரு மீசையும்

மலைக்கோயில் அடிவாரத்தில், பஞ்சாமிர்தக் கடை ஒன்றின் மாடியில், ஒரு குரு இருந்தார்.

காவி கிடையாது. தாடி கிடையாது. முப்பத்து நாலு வயசு, பெயர் அங்கயற்கண்ணி, காதிடுக்கில் எப்போதும் ஒரு ஸ்க்ரூடிரைவர். சென்னையில் ஒரு பெரிய கம்பெனியின் சர்வர் கூடத்தில், ராப்பகலாக உறுமும் மெஷின்களுக்கு நடுவே சில வருஷம் வேலை பார்த்தவர். காது கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும் என்று ஊர் திரும்பி, உதிரி பாகங்களைச் சேர்த்துக் கம்ப்யூட்டர் பூட்டிக் கொடுக்கும் கடை வைத்தார். யார் என்ன கேட்டாலும் நேர்ப்பதில் வராது. ஒன்று எதிர்க்கேள்வி வரும், இல்லாவிட்டால் "வாங்க, போயிட்டு வரலாம்" என்று செருப்பை மாட்டுவார். குரு ஆவதற்கு இந்த லட்சணம் போதாதா?

சீடர் ஒரே ஒருவர்தான். அவர் குருவைவிட ரொம்ப மூத்தவர். பெயர் தண்டபாணி. கல்யாண வீடியோ எடுக்கிறவர். ஒரு மழையில் அவருடைய எடிட்டிங் மெஷின் நனைந்துபோக, அதைத் தூக்கிக்கொண்டு மாடியேறியவர், "இதை நானே பூட்டக் கத்துக்கலாமுங்களா அம்மிணி?" என்று கேட்டு அங்கேயே ஒட்டிக்கொண்டார். கிண்டலாக "குருவே" என்று கூப்பிட ஆரம்பித்தார். கிண்டல் ஒரு வாரத்தில் கழன்று போனது, குரு மட்டும் நின்றது. குரு அவரை "பாணியண்ணா" என்பார்.

தண்டபாணிக்கு ஒரு மீசை உண்டு. இரண்டு பக்கமும் முறுக்கி, நுனியில் சின்னதாய் ஒரு சுருள் விட்டு, கல்யாண மண்டபத்தில் அவர் கேமராவோடு நுழைந்தால் முதலில் மீசைதான் நுழையும். மாப்பிள்ளைகளே கொஞ்சம் பொறாமைப்படுவார்கள்.

ஒரு நாள் காலையில் அவர் அக்குளுக்கு ஒன்றாக இரண்டு அட்டைப்பெட்டியை இடுக்கிக்கொண்டு, மூச்சு வாங்க மாடியேறி வந்தார்.

"குருவே, எட்டு பெரிசா, இருபத்திரண்டு பெரிசா?"

குரு ஒரு பழைய ஃபேனைப் பிரஷ்ஷால் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

"யாருக்கு?"

"ஆருக்கா இருந்தா என்னங்க? எட்டு எட்டுத்தானே, இருபத்திரண்டு இருபத்திரண்டுதானே?"

"யாருக்குண்ணா?"

தண்டபாணி பெட்டிகளைத் தரையில் வைத்தார்.

"ரஞ்சிதத்துக்குங்க."

குரு ஃபேனைக் கீழே வைத்தார்.

ரஞ்சிதம் தண்டபாணியின் வீட்டுக்காரி. மூன்று தெருவுக்கு அந்த நாக்கு பிரசித்தம். கணவர் படம் பிடிக்கும் மண்டபங்களில் எல்லாம் லைட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கூடவே நின்றவர் ரஞ்சிதம்தான். லைட்டோடு நாக்கும் எரியும். "மாப்ளே, சிரிங்கன்னா சிரிக்கோணும், பல் டாக்டர்கிட்டக் காட்டற மாதிரி காட்டக் கூடாது!" "ஏம்மா பொண்ணு, தாலி கட்டறப்ப ஃபோனைக் கொஞ்சம் கீழ வெய்யி சாமி!" கூட்டம் சிரிக்கும். அந்தச் சிரிப்பைத் தண்டபாணி அப்படியே படம் பிடித்துக்கொள்வார். அவருடைய வீடியோவில் எல்லாரும் நிஜமாகச் சிரிப்பதற்கு அதுதான் காரணம்.

போன வருஷம் ரஞ்சிதத்துக்குத் தொண்டையில் கட்டி வந்தது. ஆபரேஷன் செய்து குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது. குரல் போனது.

குருவும் சீடரும் உட்கார்ந்து பழைய கல்யாண கேசட்டுகளை எல்லாம் ஓட்டினார்கள். மேளத்துக்குப் பின்னால், ஐயர் மந்திரத்துக்குப் பின்னால், ரஞ்சிதத்தின் குரல் கிடந்தது. அதைத் துண்டு துண்டாகப் பொறுக்கி, ஒரு புரோகிராமுக்குப் பழக்கிவிட்டார்கள். கீபோர்டில் எழுதி ஒரு தட்டு தட்டினால், எழுதியதை அது ரஞ்சிதத்தின் குரலிலேயே பேசும். கிடைத்த துண்டுகள் அத்தனையும் திட்டு என்பதால் எது சொன்னாலும் திட்டுகிற மாதிரியே இருக்கும். "நல்லா இருக்கீங்களா" என்று எழுதினால், "இன்னுமா நல்லா இருக்கீங்க" என்கிற தொனியில் வரும். தண்டபாணி அதைக் கேட்டு அழுதார். அச்சு அசல் ரஞ்சிதம்.

சிக்கல், லேப்டாப் பழசு. "உப்பு போதும்" என்று எழுதினால் அது 'இருங்க, இருங்க, யோசிக்கறேன்' என்று சக்கரம் சுற்றும். அது வாயைத் திறப்பதற்குள் இரண்டாவது கரண்டி உப்பு விழுந்திருக்கும். பக்கத்து வீட்டு அம்மா ஒரு நாள் வந்து ஏதோ கேலி பேசினார். ரஞ்சிதம் வெடுக்கென்று பதில் எழுதினார். அந்தப் பதில் வெளியே வந்தபோது அந்த அம்மா தன் வீட்டுக் கேட்டைத் திறந்துகொண்டிருந்தார்.

அன்றைக்கு ரஞ்சிதம் லேப்டாப்பை மூடினார். அப்புறம் எதற்கும் தலையாட்டல்தான். காபி வேணுமா? ஆட்டல். வலிக்குதா? ஆட்டல். மூன்று தெருவை ஆட்டி வைத்தவர் பூம்பூம் மாடு மாதிரி ஆகிவிட்டார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை மகள் இளவேனிலுக்கு நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள். ரஞ்சிதம் கையாலேயே சொல்லிவிட்டார்: நான் அடுக்களையில் இருந்துக்கறேன், கூடத்தில் நீங்களே பேசிக்குங்க.

"அம்மா கூடத்துல உக்காரலைன்னா எனக்கு இந்த நிச்சயமே வேண்டாம்" என்றாள் இளவேனில்.

அதனால்தான் தண்டபாணி புது மெஷின் பூட்ட முடிவெடுத்தார். மெஷினுக்கு மூளை பிராசஸர். அதில் எந்த மூளை என்பதுதான் இப்போது கேள்வி.

"சென்னைக்கு ஃபோன் போட்டேனுங்க. கம்ப்யூட்டர் சாமான் விக்கற அந்த ஜெயசிங் பையன் என்ன சொல்றான் தெரியுங்களா?" தண்டபாணி ஜெயசிங்காகவே மாறிவிட்டார். "'அண்ணே! அண்ணே! கேளுண்ணே! சர்வர் பிராசஸர்ணே! இருபத்திரண்டு கோரு! ஒண்ணு தூங்கிச்சுன்னாக்கூட இருபத்தொண்ணு முழிச்சிக்கினு இருக்கும்ணே! பெரிய கம்பெனில ராப்பகலா ஓடின குதிரை. இன்னொண்ணு இருக்கு, டெஸ்க்டாப்பு, எட்டே எட்டு கோரு. அது வூட்ல ஒரு ஆளு ஒக்காந்து தட்றதுக்கு. ரெண்டையும் போர்டோட அனுப்பறேன். வெள்ளிக்கெழமைக்குள்ள ஒண்ணை வெச்சிக்கினு ஒண்ணைத் திருப்பிடு!'"

குரு சிரித்தார். "அவரு நல்லாத்தான் சொல்லியிருக்காரு."

"அப்ப இருபத்திரண்டுதானுங்களே?"

"ஒரு கோர்னா என்னண்ணா?"

"நீங்க சொல்லிக் குடுத்ததுதானுங்க. பிராசஸருக்குள்ள ஒரு வேலையாள் மாதிரி."

"இதுல இருபத்திரண்டு பேரு. எப்படி நடப்பாங்க?"

"நிதானமா நடப்பாங்க."

"அதுல எட்டுப் பேரு?"

"ஒவ்வொருத்தனும் ஓடுவான். ஆனா குருவே, என் தொழில்ல நான் பாக்கறனுங்களே! முகூர்த்தம், ரிசப்ஷன் எல்லாம் ஒட்டி வெட்டிக் கடைசியில ஒரே படமா வெளிய எடுக்கறப்ப, ஆளு கூடக் கூடச் சீக்கிரம் முடியுது. ஒருத்தன் தாலி கட்டற சீனை எடுத்துக்குவான், ஒருத்தன் பந்தியை எடுத்துக்குவான். அதனால ரஞ்சிதத்துக்குக் கம்மியா வாங்குவனுங்களா? எட்டுப் பேரு போதுமா அவளுக்கு? அவ யாரு?"

குரு செருப்பை மாட்டினார்.

"வாங்க. ஒரு ஷேவிங் பண்ணிட்டு வரலாம்."

தண்டபாணி கன்னத்தைத் தடவிப் பார்த்தார். கொஞ்சம் சொரசொரப்பாகத்தான் இருந்தது.

அடிவாரத்தில் பக்தர்கள் வேண்டுதலுக்கு மொட்டை போடும் நீளமான கொட்டகை ஒன்று உண்டு. இருபதுக்கும் மேற்பட்ட ஆட்கள் வரிசையாகப் பலகை போட்டு உட்கார்ந்திருப்பார்கள். அந்த நேரம் கூட்டம் ஓய்ந்து, சிலர் டீ குடித்துக்கொண்டும் சிலர் பேப்பர் படித்துக்கொண்டும் இருந்தார்கள். வரிசைக்கு மூத்தவர் அய்யாவு. குருவின் வீட்டுக்குப் பக்கத்து வீடு.

"அய்யாவு மாமா, இவருக்கு முகம் மழிக்கணும்."

"பண்ணிட்டாப் போச்சு. ஆரு பண்றது?"

"எல்லாரும்."

அய்யாவு டீ கிளாஸைப் பாதி வழியில் நிறுத்தினார்.

"எல்லாருமா?"

"இருக்கற எல்லாரும். ஆளு கூடக் கூடச் சீக்கிரம் முடியும்னு இவரு சொல்றாரு."

கொட்டகைக்கு அது போதும். டீயை வைத்தார்கள், பேப்பரை மடித்தார்கள், ஆளுக்கொரு கத்தியில் புது பிளேடைச் செருகிக்கொண்டு வந்துவிட்டார்கள். தண்டபாணி எழுந்திருக்கப் பார்த்தார். எட்டுக் கை அவரை உட்கார வைத்தது.

"அட, தலையை இந்தப் பக்கம் திருப்புங்க!"

"இந்தப் பக்கம்னா என் கன்னம் அங்க போயிருதே! நேரா வெய்யுங்க!"

"யோவ், முழங்கையை எடுய்யா, என் மூக்குல இடிக்குது!"

"தண்ணி தெளிச்சாச்சா?"

"நான் தெளிச்சேன்."

"நானும் தெளிச்சேன்."

"நானுந்தான்."

தண்டபாணியின் சட்டைப் பையிலிருந்து தண்ணீர் வழிந்தது.

இடது கன்னத்தை ஒருத்தர் பிடித்துக்கொண்டார், வலது கன்னத்தை ஒருத்தர். தாடையை மூக்காயி என்கிற அம்மாள் பிடித்துக்கொண்டார். நாலாவது ஆள் கழுத்துக்கு வந்தபோது மூக்காயி, "கொஞ்சம் பொறுப்பா, நான் தாடையை முடிச்சாத்தான் நீ கழுத்துக்கு எறங்கலாம்" என்றார். அவர் காத்திருந்தார். அவருக்குப் பின்னால் இன்னொருவர் காத்திருந்தார். அவருக்குப் பின்னால் நனைந்த கையோடு ஒரு வரிசையே காத்திருந்தது. முகம் என்ன, ஒன்றுதானே.

"சும்மா நிக்கறதுக்கு மீசையை ஒழுங்கு பண்ணலாம்" என்றார் சும்மா நின்ற ஒருவர்.

"வேண்டாமுங்க! மீசை வேண்டாமுங்க!" தண்டபாணி கத்தினார். வாயில் நுரை புகுந்ததால் அது யாருக்கும் புரியவில்லை.

வலது பக்கத்து ஆள் நுனிச்சுருளை ஒரு மயிரிழை குறைத்தார். இடது பக்கத்து ஆள் எட்டிப் பார்த்து, "அங்க கொறைஞ்சிருச்சே" என்று இந்தப் பக்கம் இரண்டு இழை குறைத்தார். "இப்ப இங்க கூடத் தெரியுதே" என்றார் வலது. "கொஞ்சம் பொறு, சமம் பண்றேன்" என்றார் இடது. "நீ பண்ணாத, நான் பண்றேன்." "ரெண்டு பேரும் சண்டை போடாதீங்கப்பா, நான் நடுவுல நின்னு சமம் பண்றேன்" என்று மூன்றாமவர் வந்தார்.

சமமாகிவிட்டது. ரொம்பவும் சமமாக.

அய்யாவு கண்ணாடியைக் காட்டினார். தண்டபாணி கண்ணாடிக்குள் இருந்த ஆளை யாரென்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"குருவே..." என்றார். குரல் தேய்ந்திருந்தது.

"ஒரு ஆளு பண்ணியிருந்தா எப்ப முடிஞ்சிருக்கும்?" என்று கேட்டார் குரு.

மூக்காயி அம்மாள் பதில் சொன்னார். "நான் ஒருத்தியே பண்ணியிருந்தா இந்நேரம் வீட்டுக்குப் போயிச் சாப்ட்டிருப்பாருங்க. மீசையோட."

அந்த நேரம் பார்த்து வெளியே ஹாரன் அடித்தது. இரண்டு பஸ் நிறையப் பக்தர்கள். அரோகரா போட்டுக்கொண்டு, குழந்தை குட்டியோடு, கொட்டகைக்குள் திமுதிமுவென்று நுழைந்தார்கள். அத்தனை பேருக்கும் மொட்டை.

கத்திகள் வரிசைக்குத் திரும்பின. பலகைக்கு ஒரு தலை. யாரும் அவசரப்படவில்லை. ஒருத்தர் ஊர்க்கதை பேசினார், ஒருத்தர் அழுகிற குழந்தைக்குச் சேவல் மாதிரி கூவிக் காட்டினார், மூக்காயி அம்மாள் வெற்றிலை போட்டுக்கொண்டே தலைக்கு மேல் தலையாக இறக்கினார். யாரும் யாருக்காகவும் காத்திருக்கவில்லை. குருவும் சீடரும் ஒரு கரும்புச்சாறு குடித்துவிட்டுத் திரும்புவதற்குள், இரண்டு பஸ்ஸும் மொட்டையாகி, சந்தனம் பூசி, மலையேறத் தயாராக நின்றன.

தண்டபாணி வாயைப் பிளந்து பார்த்தார்.

"இதே ஆளுகதானுங்களே?"

"இதே ஆளுகதான்."

"இந்நேரம் வரைக்கும் என் மூஞ்சில முட்டிக்கிட்டு நின்னவங்க?"

"அவங்களேதான். நான் இருந்தேனில்ல, அந்த சர்வர் கூடம்? இப்படித்தான் இருக்கும். ஆயிரம் பேரு ஒரே நேரத்துல கதவைத் தட்டுவாங்க. ஒருத்தரையும் திருப்பி அனுப்பாது. நான் அதுகளை ரொம்ப நேசிச்சேன் பாணியண்ணா."

இரண்டு பேரும் கடைத்தெரு வழியாகத் திரும்பி நடந்தார்கள். தண்டபாணி துண்டால் மேலுதட்டை மூடிக்கொண்டார். தெரிந்தவர்கள் யாரும் அவரை அடையாளம் கண்டுகொள்ளவில்லை, அது ஒரு நிம்மதி.

கொஞ்ச தூரம் போனதும் அவர் நின்றார்.

"புரியுதுங்க குருவே. மீசை போயிப் புரிஞ்சுது. ஆனாலும் எனக்கு அந்த இருபத்திரண்டுதான் வேணுமுங்க."

"ஏன்?"

"சர்வருங்கறது நிக்காது. ராப்பகலா ஓடும், வருஷக்கணக்கா ஓடும், ஞாபகத்துல ஒரு எழுத்துத் தப்பாச்சுன்னாக்கூடத் தானே திருத்திக்கும்னு நீங்கதானே சொன்னீங்க? டெஸ்க்டாப்பு ஒரு நாள் பொசுக்குன்னு நின்னுட்டா?" அவர் துண்டை முகத்திலிருந்து எடுக்கவில்லை. "அவ குரல் நின்னதை ஒருக்காப் பாத்துட்டேன் அம்மிணி. ஆபரேஷனுக்கு உள்ள போறப்ப, 'ஏனுங்க, கேஸை மூடினீங்களா'ன்னு கேட்டா. அதுதான் கடைசி. இன்னொருக்கா என்னால பாக்க முடியாதுங்க."

பக்கத்தில் ஒரு மாட்டு வண்டி ஒதுங்கிப் போகும்வரை குரு நின்றார்.

"ரஞ்சிதம் அக்கா ராத்திரி தூங்குவாங்களா?"

"நல்லாத் தூங்குவா."

"அப்ப பெட்டியும் தூங்கட்டும்."

"நின்னு போச்சுன்னா?"

"என்னைக் கூப்பிடுங்க. மாடியிலதானே இருக்கேன்."

தண்டபாணி தலையை ஆட்டினார். ஆனால் பிடிவாதம் முழுசாக விடவில்லை என்பது அந்த ஆட்டலிலேயே தெரிந்தது.

"சரி, ரெண்டையும் வீட்டுக்குத் தூக்குங்க" என்றார் குரு. "எனக்கு ஒரு காபியும் வேணும்."

கூடத்து மேசையில் முதலில் இருபத்திரண்டைப் பூட்டினார்கள். புரோகிராமை ஏற்றினார்கள். ஃபேன் 'ஊஊஊம்' என்று விமானம் கிளம்புவது மாதிரி கிளம்பியது. தண்டபாணி பெருமையாகப் பெட்டியைத் தட்டிக் கொடுத்தார்.

"ரஞ்சிதம்! இங்க வா, வந்து பாரு!"

ரஞ்சிதம் அடுக்களையிலிருந்து வந்தார். கழுத்துத் துளையை மூடிய பருத்தித் துணியைச் சரிசெய்துகொண்டே வந்தவர், கணவர் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றார். தோள் குலுங்கியது. இன்னும் குலுங்கியது. சத்தமில்லாத சிரிப்பு. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

அப்புறம், ரொம்ப நாளைக்குப் பிறகு, தானாகவே கீபோர்டை இழுத்தார். விரல்கள் ஓடின. ஒரு தட்டு தட்டினார்.

ஊஊஊம்.

எல்லாரும் பெட்டியைப் பார்த்தார்கள். ரஞ்சிதம் சிரித்த முகத்தோடு காத்திருந்தார்.

ஊஊஊம்.

தண்டபாணி இருமினார். இளவேனில் பால் பொங்குகிற சத்தம் கேட்டு அடுக்களைக்கு ஓடினாள். ரஞ்சிதத்தின் முகத்தில் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக உலர்ந்தது.

"ஏனுங்க, உங்க மூக்குக்குக் கீழ குடியிருந்தவர் எப்பக் காலி பண்ணுனாரு?" என்றது பெட்டி.

"ஆங்? என்ன? ஓ... அதுவா... கொட்டகையில..." என்று தண்டபாணி விளக்கம் சொல்ல ஆரம்பித்தார்.

ரஞ்சிதம் கையை அசைத்தார். ஒன்றுமில்லை, விடுங்க. கீபோர்டைத் தள்ளிவிட்டுத் தலையாட்டினார்.

எழுதினது ஒருத்தர், வாக்கியம் ஒன்று. ஒரு சொல் முடிந்தால்தான் அடுத்த சொல். உள்ளே நிதானமாக நடக்கும் ஒரே ஒருவர் அதைச் சுமந்து வந்தார். மற்ற இருபத்தொரு பேரும் அரோகரா போடும் கூட்டத்துக்காகச் சும்மா காத்திருந்தார்கள்.

தண்டபாணி குருவைப் பார்த்தார். குரு காபியைப் பார்த்தார்.

தண்டபாணி பிளக்கைப் பிடுங்கினார். இரண்டாவது பெட்டியைப் பிரித்தார். எட்டைப் பூட்டினார். ரஞ்சிதம் வேண்டாம் என்று கை காட்டினார். வேண்டாம், எல்லாம் ஒண்ணுதான். அடுக்களைக்குப் போகத் திரும்பினார்.

"ஒரே நிமிசம். வயர் மட்டும் செருகிடறேன். உக்காரு தாயி, ஒரே நிமிசம்."

ரஞ்சிதம் கடனே என்று நாற்காலியில் உட்கார்ந்தார். தண்டபாணி மேசைக்கு அடியில் தவழ்ந்து போனார். வயரைச் செருகினார். திரை ஒளிர்ந்தது. புரோகிராம் எழுந்தது. தண்டபாணி மேசைக்கு அடியிலிருந்து வெளியே வந்தார். கொஞ்சம் சீக்கிரமாக வந்துவிட்டார்.

டங்!

"மேசை பத்திரமுங்க!" என்றது ரஞ்சிதத்தின் குரல்.

தண்டபாணியின் கை இன்னும் மண்டைக்குப் போய்ச் சேரவில்லை.

"என்னம்மா ஆச்சு?" என்று அடுக்களையிலிருந்து இளவேனில் கத்தினாள்.

காபி டம்ளர் குருவின் உதட்டிலேயே நின்றது. அடுக்களையில் ஒரு கரண்டி விழுகிற சத்தம் கேட்டது. இளவேனில் மாவு அப்பிய கையோடு வாசற்படிக்கு வந்து நின்றாள். தான் யாருக்குப் பதில் சொன்னோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

ரஞ்சிதம் தன் விரல்களைப் பார்த்தார். பழக்கதோஷத்தில் அவை தானாகத்தான் தட்டியிருக்க வேண்டும். மெதுவாக இன்னொன்று எழுதினார்.

"மூஞ்சி என்னுங்க இது, தோலுரிச்ச உருளைக்கிழங்காட்டம்?"

தண்டபாணி மேசைக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தார். மண்டையைத் தேய்த்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, இரண்டுக்கும் ஒரே கையை வைத்துக்கொண்டு சிரித்தார்.

"இன்னும் சொல்லு" என்றார். "இன்னும் ரெண்டு திட்டு."

"திட்டறதுக்கு நேரங்காலம் வேண்டாமா? மொதல்ல அந்தப் புள்ளைக்குக் காபி தீந்துபோச்சு பாருங்க!"

இருபத்திரண்டு பேரும் வெள்ளிக்கிழமை பார்சலில் சென்னைக்குப் போனார்கள். தண்டபாணி ஜெயசிங்குக்கு ஃபோன் போட்டு, "தம்பி, நல்ல ஆளுக. பெரிய வேலைக்கு அனுப்பி வெய்யி" என்று சிபாரிசும் செய்தார்.

ஞாயிற்றுக்கிழமை ரஞ்சிதம் பட்டுப்புடவை கட்டிக் கூடத்தில் நடுநாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்தில் மேசை, மேசைமேல் ஸ்பீக்கர். மாப்பிள்ளை வீட்டார் முதலில் கொஞ்சம் கூச்சப்பட்டார்கள். எல்லாரும் ரொம்ப மெதுவாகவும் ரொம்ப மரியாதையாகவும் பேசினார்கள், ஆஸ்பத்திரிக்கு வந்த மாதிரி.

மாப்பிள்ளையின் அப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"எங்க பையனைப் பத்தி நானே சொல்லக் கூடாதுங்க. ஆனா ஒண்ணு சொல்றேன். இதுவரைக்கும் அவனுக்குக் கோபம்னு ஒண்ணு வந்து நான் பாத்ததே இல்லைங்க!"

"எங்க பொண்ணைக் கட்டட்டுமுங்க, வந்துரும்" என்றது ஸ்பீக்கர்.

கூடம் வெடித்தது. மாப்பிள்ளையின் பாட்டி பல்செட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். மாப்பிள்ளையின் அப்பா இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டு, "சம்பந்தி, நான் தோத்தேனுங்க!" என்றார். அதற்குப் பிறகு யாரும் மெதுவாகப் பேசவில்லை. தட்டு மாற்றும்போது, எவ்வளவு மஞ்சள், எந்தப் பக்கம் தேங்காய், யார் முதலில் என்று கூடத்தை நடத்தியதே அந்தக் குரல்தான். தண்டபாணி கேமராவுக்குப் பின்னால் நின்றார். லைட் பிடிக்க வாடகைக்கு ஒரு ஆளைக் கூட்டி வந்திருந்தார். "ஏனப்பா, வெளிச்சத்தைப் பொண்ணு மூஞ்சில காட்டு, சீலிங்குக்கா கல்யாணம்?" என்று அவனுக்கும் கிடைத்தது.

திங்கட்கிழமை அவர் ஒரு லட்டுப் பொட்டலத்தோடு மாடியேறினார்.

குரு ஒரு லட்டைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

"அக்கா எப்படி இருக்காங்க?"

"நேத்தெல்லாம் நிறுத்தவே இல்லைங்க. பக்கத்து வீட்டு அம்மாவுக்குப் பழைய பாக்கி எல்லாத்தையும் திருப்பிக் குடுத்துட்டா. அந்த அம்மா சிரிச்சுச் சிரிச்சு எங்க வீட்லயே சாப்ட்டுட்டுப் போச்சு." தண்டபாணி ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். உட்கார்ந்தும் எதையோ சொல்லாமல் நெளிந்தார்.

"என்னண்ணா?"

"ஒரு சந்தேகமுங்க குருவே. கேட்டாச் சிரிப்பீங்க."

"கேளுங்க."

"அவ பேசறா. சத்தம் ஸ்பீக்கர்ல இருந்து வருது. ஆளு நாற்காலியில இருக்கறா. நான் எந்தப் பக்கம் பாக்கறதுங்க? ஸ்பீக்கரைப் பாத்து 'ம்' கொட்டினா அவளை மதிக்காத மாதிரி இருக்குது. அவளைப் பாத்தா, வாய் அசையாம சத்தம் மட்டும் வருது, நான் வேற பக்கம் திரும்பிக்கறேன். எங்கதான் பாக்கோணும்?"

குரு சிரிக்கவில்லை. விரலில் ஒட்டிய லட்டைத் துடைத்தார்.

"பழைய லேப்டாப்புல பேசறப்ப, தட்டி முடிச்சதும் அக்கா எங்க பாப்பாங்க?"

"அந்த லேப்டாப்பைத்தானுங்க. எப்ப வரும், எப்ப வரும்னு அதையே பாத்துக்கிட்டு இருப்பா."

"இப்போ?"

"என் மூஞ்சியைத்தானுங்க" என்ற தண்டபாணி, ஸ்டூலிலிருந்து எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினார்.